கடல் கடந்து வரும் பழைய மெஷின்: காசு அனுப்பு முன் ஒரு நிமிடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை. கடையைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்துக் கொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் தொலைபேசி, முகத்தில் அவசரம்.

"நானா, இந்த மெஷினக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். 20 தொன் எக்ஸ்கவேட்டர். பளபளக்கும் மஞ்சள் நிறம். வயது 15 வருடம், மணித்தியால மீட்டரில் 3,200. விலையோ இங்கே விற்கும் விலையில் ஏறத்தாழப் பாதி.

"இண்டைக்குப் பகல் ரெண்டு மணிக்குள்ள அட்வான்ஸ் போடாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்களாம்."

"காசு எங்கால?"

"உம்மாட பேரில இருந்த காணித் துண்ட வித்தோம்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "ரெண்டு மணி போகட்டும் தம்பி. இந்த மெஷின் போனா இன்னொண்டு வரும். உம்மாட காணி போனா வராது. இப்படி உட்காருங்க" என்று சொல்லி மூன்று கேள்விகள் கேட்டேன். விற்பவர் யார்? மெஷின் இப்போது எங்கே நிற்கிறது? அதை நம்முடைய ஆள் யாராவது கண்ணால் பார்த்தாரா? மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2006ஆம் ஆண்டளவில் நானும் ஒரு கூட்டாளியும் வெளிநாட்டு யார்ட் ஒன்றிலிருந்து படத்தைப் பார்த்தே 7 தொன் எக்ஸ்கவேட்டர் ஒன்றை எடுத்தோம். எல்.சி. திறந்து முறையாகத்தான் செய்தோம். மெஷின் வந்தது, எஞ்சினும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அரை மணித்தியாலம் வேலை செய்ததும் பூம் தூக்க மறுத்தது. ஹைட்ரோலிக் பம்ப் முடிந்திருந்தது. புதுப் பெயின்ட்டுக்குக் கீழே செயினும் ரோலரும் தேய்ந்து கிடந்தன. வாங்கிய விலையின் மூன்றிலொரு பங்கைத் திருத்த வேலைக்கே கொட்டினோம். வங்கிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முகாமையாளர் பொறுமையாகச் சொன்னார்: "பத்திரங்களில் எந்தப் பிழையும் இல்லையே!" அன்று கோபம் வந்தது. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தப் பாடத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பெக்கோ, டோசர், ரோலர், கிரேன், போர்க்லிப்ட், ஜெனரேட்டர் என்று எதை வெளிநாட்டிலிருந்து பழையதாக எடுத்தாலும் இது பொருந்தும்.

விற்பவர் யார்?

தூரத்திலிருந்து விற்பவர்கள் நான்கு வகை. மெஷினைத் தானே வேலைக்கு வைத்திருந்த கொந்தராத்துக்காரர் ஒருவகை. வாங்கி விற்கும் யார்ட்காரர் இரண்டாவது. ஏலக் கம்பெனி மூன்றாவது. கையில் மெஷினே இல்லாமல் அடுத்தவன் மெஷினின் படத்தைக் காட்டி விற்கும் தரகர் நான்காவது. தரகரெல்லாம் கள்ளர் அல்ல. ஆனால் நாம் பேசுவது தரகரோடுதான் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏலத்தில் மெஷின் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் விற்கப்படும். சுத்தியல் விழுந்த பின் குறை சொல்ல வழியில்லை. பார்ப்பதெல்லாம் அதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்று கஷ்டமல்ல. ஜப்பானில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 13 இலக்கம் கொண்ட நிறுவன இலக்கம் உண்டு. 2015 முதல் அந்நாட்டு வரித் திணைக்களம் அதைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. இங்கிலாந்தின் கம்பெனிப் பதிவேட்டை யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் பதிவு இருந்தால் மட்டும் போதாது. ஏனென்றால் மோசடிக்காரர்கள் இப்போது புதிய கம்பெனியைக் கற்பனை செய்வதில்லை. நல்ல பெயருள்ள உண்மையான கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருடி, மின்னஞ்சல் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிக் கொள்கிறார்கள். ஆகவே விற்பவர் தந்த இலக்கத்துக்கு அழைக்காமல், அந்தக் கம்பெனியின் இலக்கத்தை வேறு வழியில் நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். "இந்தப் பெயருடையவர் உங்களிடம் வேலை செய்கிறாரா? இந்த மெஷின் உங்களுடையதா?" என்று கேளுங்கள். பாதி மோசடி அந்த ஓர் அழைப்பிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மெஷினின் அடையாளம்

மனிதருக்கு அடையாள அட்டை போல மெஷினுக்குத் தொடர் இலக்கம். மண் வேலை இயந்திரங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 10261 என்ற சர்வதேச நியமம் உண்டு. அதன்படி இலக்கம் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பழைய மெஷின்களில் இதைவிடக் குறுகிய இலக்கம் இருக்கலாம். தகட்டில் உள்ள இலக்கத்தோடு சேஸியில் அடித்துள்ள இலக்கத்தையும், எஞ்சின் இலக்கத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தாலோ, இலக்கத்தைச் சுற்றி உராய்ந்து பெயின்ட் அடித்திருந்தாலோ அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இலக்கம் கிடைத்ததும் அந்த வகை மெஷினின் இங்குள்ள முகவரிடம் கொடுத்துத் தயாரித்த வருடத்தைக் கேளுங்கள். விற்பவர் 2012 என்பார். இலக்கம் 2007 என்று சொல்லும். இறக்குமதி அனுமதிக்கு வயது முக்கியம் என்பதால் இந்த வித்தியாசம் விலையோடு மட்டும் நிற்பதில்லை.

பழைய படங்களை நம்ப வேண்டாம். ஒரு கடதாசியில் உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதி, தொடர் இலக்கத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்தது நேரடி வீடியோ அழைப்பு. யார்ட் வாசலில் உள்ள பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, இடையில் நிறுத்தாமல் மெஷின் வரை நடந்து வரச் சொல்லுங்கள். மெஷின் கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. இல்லாதவருக்குத்தான் "மேனேஜர் லீவு", "யார்ட்டில் சிக்னல் இல்லை" என்று காரணங்கள் வரும்.

மெஷின் மீது லீசிங் அல்லது வங்கிக் கடன் நிலுவை உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்தவரின் உரிமையுள்ள பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் வம்பு நம்மைத் தேடி வரும்.

மீட்டர் சொல்வதும் இரும்பு சொல்வதும்

நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 250 நாள் என்று வைத்தால் 2,000 மணித்தியாலம். வேலை குறைந்த இடத்திலும் 1,000 ஓடும். அப்படியானால் 15 வருட மெஷின் 15,000 மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடியிருக்க வேண்டும். தம்பி காட்டிய மெஷினில் 3,200. வாரத்துக்கு நான்கு மணித்தியாலம்தான் ஓடியதாம்! அப்படியும் சில மெஷின்கள் உண்டு. ஆனால் அதற்குச் சேவைப் பதிவேடு வேண்டும். கொமாட்சு நிறுவனம் 2001 முதல் தன் மெஷின்களில் கொம்ட்ராக்ஸ் என்ற தொலைத்தகவல் கருவியைப் பொருத்தத் தொடங்கியது. ஏனைய பெரிய நிறுவனங்களிடமும் இத்தகைய கருவிகள் உண்டு. அந்தப் பதிவைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மீட்டரை மாற்றலாம், தேய்ந்த இரும்பை மறைப்பது கஷ்டம். கால் மிதியின் ரப்பர், லீவரின் கைப்பிடி, ஆசனம், கதவின் பிணைச்சல் இவற்றைப் பாருங்கள். 3,000 மணித்தியால மெஷினில் மிதி ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருக்காது.

செயின் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது கீழ்ப் பகுதி. செயின், ரோலர், ஐட்லர், ஸ்ப்ரொக்கெட் ஆகியவற்றுக்கே பராமரிப்புச் செலவில் பாதியளவு போய்விடும் என்பது தொழிலில் உள்ளவர்கள் அறிந்த கணக்கு. ஸ்ப்ரொக்கெட் பல் கூராகி நின்றால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அடுத்தது மேற்பகுதி சுழலும் வளையம். பக்கட்டை நிலத்தில் ஊன்றி மெஷினின் முன்பகுதியை உயர்த்தி இறக்கும்போது, மேற்பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையில் ஆட்டம் தெரிந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது.

எஞ்சினை அதிகாலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைக்கும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். ஹைட்ரோலிக் இதற்கு நேர்மாறு. அதைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். தேய்ந்த பம்ப் குளிரில் நன்றாக வேலை செய்யும், ஒயில் சூடானதும் களைத்துவிடும். எங்கள் 7 தொன் மெஷினில் நடந்தது இதுதான். ஒரு மணித்தியாலமாவது வேலை வாங்கிவிட்டு, பூமை உயர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். பூம் தானாக இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு உண்டு.

புதிய மொடல் எடுப்போருக்கும் ஒரு வார்த்தை. புகைக் கட்டுப்பாட்டு வடிகட்டி பொருத்திய மெஷின்களுக்கு மிகக் குறைந்த கந்தகமுள்ள டீசல் வேண்டும். ஐரோப்பாவில் அந்த அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு, அமெரிக்காவில் 15 பங்கு. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அந்தத் தர டீசல் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்த பிறகே அத்தகைய மெஷினில் கை வையுங்கள்.

நம் கண்ணாகப் போகும் ஆள்

மேலே சொன்னவற்றைப் பார்க்க நாமே போக முடியாவிட்டால், பரிசோதகர் ஒருவரை அமர்த்த வேண்டும். எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ் போன்ற சர்வதேச நிறுவனங்கள் பல நாடுகளில் இந்தச் சேவையைச் செய்கின்றன. அந்த நாட்டில் வேலை செய்யும் நம்மூர் மெக்கானிக் ஒருவர் கிடைத்தாலும் நல்லதுதான்.

பரிசோதகரை அமர்த்துவதும் கூலி கொடுப்பதும் நாமாகவே இருக்க வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் பரிசோதகர் விற்பவரின் ஆள். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாமே பட்டியல் கொடுக்க வேண்டும்: இலக்கங்கள், செயினின் தேய்வு எத்தனை வீதம், குளிர் ஸ்டார்ட் வீடியோ, சூட்டில் ஹைட்ரோலிக் சோதனை, வெல்டிங் செய்த இடங்கள், எஞ்சின் ஒயில் மாதிரியின் ஆய்வு. அறிக்கை வந்ததும் அதை வெளியிட்ட அலுவலகத்துக்கே அழைத்து அறிக்கை இலக்கத்தை உறுதி செய்யுங்கள். போலி அறிக்கைகளும் உலாவுகின்றன.

"இதற்கு வேறு செலவா?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு ஹைட்ரோலிக் பம்பின் விலையை விசாரித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

காசு போகும் வழி

நேரடியாக வங்கி மூலம் அனுப்பும் டீ.டீ. முறையில் காசு போனால் போனதுதான். திருப்பி எடுப்பது மிக அரிது. முழுத் தொகையையும் முன்கூட்டியே இப்படி அனுப்புவது விற்பவரின் நாணயத்தை மட்டும் நம்பிக் கிணற்றில் குதிப்பதற்குச் சமம்.

நாணயக் கடிதம், அதாவது எல்.சி., இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அது எதைப் பாதுகாக்கும், எதைப் பாதுகாக்காது என்று விளங்கிக் கொள்ள வேண்டும். 2007 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளின்படி வங்கிகள் பத்திரங்களைத்தான் கையாள்கின்றன, பொருட்களை அல்ல. இன்வொயிஸ், கப்பற் பத்திரம், காப்புறுதி எல்லாம் எழுதியபடி இருந்தால் வங்கி காசைக் கொடுத்தே ஆக வேண்டும். பெட்டிக்குள் மெஷின் இருக்கிறதா, பழைய இரும்பு இருக்கிறதா என்று வங்கி பார்க்காது. என்னிடம் முகாமையாளர் அன்று சொன்னது இந்த விதியைத்தான்.

அப்படியானால் பரிகாரம் என்ன? நாம் பார்க்க விரும்புவதை ஒரு பத்திரமாக்கி எல்.சி.க்குள் நுழைப்பதுதான். "நாங்கள் குறிப்பிடும் பரிசோதனை நிறுவனம், இந்தத் தொடர் இலக்கமுடைய மெஷினைக் கப்பலேற்றும் நேரத்தில் பார்த்து, இன்ன நிலையில் உள்ளது என்று கொடுக்கும் சான்றிதழ்" என்று எல்.சி. நிபந்தனையில் எழுதுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விற்பவருக்குக் காசு கிடைக்காது. 2006இல் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்கு அந்த நட்டம் வந்திருக்காது.

முற்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இழந்தாலும் தாங்கக் கூடிய சிறு தொகையாக அது இருக்கட்டும். கணக்கு கம்பெனியின் பெயரில், அந்தக் கம்பெனியுள்ள நாட்டில் இருக்க வேண்டும். தனி ஆளின் பெயரிலோ, மூன்றாவது நாட்டிலோ கணக்கு இருந்தால் அத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து, விற்பவர் நல்லவராக இருந்தாலும் வரும். இரு தரப்பின் மின்னஞ்சலிலும் மூன்றாமவன் புகுந்து, வாரக்கணக்கில் வாசித்துக் கொண்டிருந்துவிட்டு, காசு அனுப்பும் நாளில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று விற்பவரின் பெயரிலேயே கடிதம் அனுப்புவான். கணக்கு மாற்றம் என்று ஒரு சொல் வந்தால், ஏற்கனவே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யும் வரை ஒரு சதமும் அனுப்பக் கூடாது.

கப்பலும் காப்புறுதியும்

20 தொன் எக்ஸ்கவேட்டர் ஒன்று ஏறத்தாழ 9.4 மீற்றர் நீளம், 2.8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். சாதாரண கொள்கலனின் உள் அகலம் 2.35 மீற்றர்தான், மெஷின் அதற்குள் முழுதாகப் போகாது. திறந்த தட்டுக் கொள்கலனிலோ, வாகனங்கள் உருண்டு ஏறும் ரோரோ கப்பலிலோதான் வர வேண்டும். ரோரோவில் கூலி பெரும்பாலும் கன அளவுக்கே. அந்த எக்ஸ்கவேட்டர் சுமார் 79 கன மீற்றர். கப்பற் கூலியைக் கேட்காமல் விலை பேசுவோர் இங்கேதான் முதலில் அடி வாங்குகிறார்கள்.

எப்.ஓ.பி. விலைக்கு வாங்கினால் கப்பலில் ஏறியதிலிருந்து பொறுப்பு நம்முடையது. காப்புறுதியும் நாமே எடுக்க வேண்டும். சீ.ஐ.எப். விலையில் விற்பவர் காப்புறுதி எடுப்பார். ஆனால் விதிப்படி அவர் எடுக்க வேண்டியது ஆகக் குறைந்த பாதுகாப்பை மட்டுமே. கப்பல் மூழ்கினால் கிடைக்கும். கண்ணாடி உடைந்தாலோ, உதிரிப்பாகம் திருட்டுப் போனாலோ கிடைக்காது. கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

"நம்ம கப்பலுக்கு என்ன வரப்போகுது?" என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பல்டிமோர் பாலத்தை இடித்து வீழ்த்திய டாலி என்ற கப்பல், கொழும்பை நோக்கிப் புறப்பட்ட கப்பல்தான். அதன் உரிமையாளர்கள் பின்னர் "ஜெனரல் எவரேஜ்" அறிவித்தார்கள். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குக்காரர்களும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் மிகப் பழைய விதி. காப்புறுதி இருந்தால் காப்புறுதிக் கம்பெனி பார்த்துக் கொள்ளும். இல்லாவிட்டால், நம் பொருளுக்கு ஒரு கீறலும் விழாதபோதும் பிணைப் பணம் கட்டித்தான் பொருளை எடுக்க வேண்டி வரும்.

அனுமதியும் வரியும்

1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டத்தின் கீழ் எந்தப் பழைய மெஷினுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது வர்த்தமானி மூலம் அடிக்கடி மாறுகிறது. 2020இலிருந்து எத்தனை தடைகள் வந்தன, எத்தனை தளர்த்தப்பட்டன என்பதை நாம் கண்டோம். ஆகவே "போன வருஷம் என் மச்சான் எடுத்தான்" என்ற பேச்சை நம்பாமல், சுங்கக் குறியீட்டையும் தயாரித்த வருடத்தையும் எழுதி, திணைக்களத்தில் எழுத்தில் பதில் பெறுங்கள். எக்ஸ்கவேட்டர், டோசர், லோடர், ரோலர் எல்லாம் 8429 என்ற தலைப்பின் கீழ் வரும், போர்க்லிப்ட் 8427. இந்த வேலை கப்பலேற்றும் முன்னர் முடிய வேண்டும். மெஷின் துறைமுகத்தில் வந்து நின்ற பின் அனுமதி தேடி ஓடினால் டெமரேஜ் நாளுக்கு நாள் ஏறும்.

வரிக் கணக்கைக் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் முன்கூட்டியே போட்டு வாங்குங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஏனைய தீர்வைகள் தனி. இங்கே சிலர் "இன்வொயிஸைக் குறைத்துப் போடச் சொல்லுங்க" என்று ஆலோசனை சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம், மார்க்கப்படியும் பொய். வியாபாரக் கணக்கிலும் முட்டாள்தனம். சுங்கம் பிடித்தால் பொருளும் போகும், அபராதமும் வரும். மெஷின் கடலில் போனால் காப்புறுதிக்காரர் குறைத்த தொகையைத்தான் தருவார். விற்பவர் ஏமாற்றினாலும் வழக்கில் காட்ட நம்மிடம் உண்மையான பத்திரம் இருக்காது.

டொலரையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த இடைவெளியில் மெஷின் கப்பலில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கணக்குப் போடும்போது ரூபாவில் கொஞ்சம் இடம் விட்டே போடுங்கள்.

தம்பிக்கு என்ன நடந்தது?

அன்று பகல் இரண்டு மணிக்கு முன்னரே விற்பவருக்கு எழுதினோம்: "உடனே வீடியோ அழைப்பில் தொடர் இலக்கத் தகட்டைக் காட்டுங்கள். நாளைக்கு எங்கள் பரிசோதகர் யார்ட்டுக்கு வருவார்." முதலில் கோபித்துக் கொண்டார். பிறகு விலையை இன்னும் குறைத்தார். அதன் பிறகு பதிலே இல்லை. படத்தில் மங்கலாகத் தெரிந்த இலக்கத்தைத் தேடியபோது, அதே மெஷின் இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் விற்று முடிந்தது என்று தெரிய வந்தது.

சில மாதம் பொறுத்து அவர் வேறொரு மெஷின் எடுத்தார். இதைவிட வயது கூடியது, மீட்டரில் 11,000, பெயின்ட் உரிந்தது. ஆனால் பரிசோதகர் பார்த்து, செயின் இன்னும் 60 வீதம் இருக்கிறது, பம்ப் சூட்டிலும் தாங்குகிறது என்று எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கையைக் காட்டி விலையையும் குறைத்துக் கொண்டார். இன்று அது ஒரு பாதை வேலையில் ஓடிக் கொண்டிருக்கிறது.

போன வாரம் கடைக்கு வந்தவரிடம் கேட்டேன், "எப்படித் தம்பி மெஷின்?"

"பார்க்க வடிவில்ல நானா. ஆனா காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது."

தூரத்திலிருந்து வாங்குபவருக்கு வேண்டியது அதுதான். அவசரப்படுத்துபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். பொறுமையாகப் பார்க்க விடுபவரிடம் பேரம் பேசுங்கள்.